தனியாக வாசிக்க மாட்டேன்: மார்த்தா ஆர்கெரிச்சின் மேடை வாழ்க்கை

[கருந்திரை. கதவு மூடும் சத்தம். தூரத்தில் அரங்கின் சலசலப்பு.]

அர்ஜென்டினா. 1940-களின் கடைசி. கச்சேரி தொடங்கும் முன் குளியலறைக்குள் ஒரு சிறுமி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயது இருக்கும். பார்த்தால் சாமி கும்பிடுகிறாள் என்றுதான் தோன்றும். ஆனால் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது இது: ஒரே ஒரு ஸ்வரம் தப்பினாலும் நான் வெடித்துச் சிதறிவிடுவேன்.

அவள் வெடிக்கவில்லை. வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பல ஆண்டுகள் கழித்து இந்தச் சம்பவத்தை ஒரு பேட்டியில் சாதாரணமாகச் சொன்னார், பெயர் மார்த்தா ஆர்கெரிச். கடந்த 60 ஆண்டுகளில் உலகம் கொண்டாடிய பியானோ கலைஞர்களில் முதல் வரிசைக்காரர். புயல் மாதிரி வாசிப்பவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் 40 வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே, தனிக் கச்சேரி செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால் பதில் ரொம்பச் சின்னது: மேடையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.

[திரையில்: பெரிய மேடை. நடுவில் ஒற்றைப் பியானோ. காலி நாற்காலி.]

இதில் என்ன அதிசயம் என்று நினைக்கலாம். வயலின்காரருக்குப் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பியானோ உண்டு. பாடகருக்கும் உண்டு. பியானோக்காரருக்குப் பக்கவாத்தியமே கிடையாது. மேளமும் இல்லை, தம்பூராவும் இல்லை. ஒன்றரை மணி நேரம், 88 கட்டைகள், இரண்டாயிரம் பேர் அமர்ந்த இருட்டு. எதிரே நோட்டுப் புத்தகம்கூட இருக்காது, எல்லாம் மனப்பாடம். நடுவில் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. பெரும்பாலானோர் சொந்த வாத்தியத்தைக்கூட எடுத்துப்போக முடியாது. ஒன்பது அடி நீளம், 500 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. அந்தந்த அரங்கில் எது நிற்கிறதோ அதோடு ஒரே மாலையில் சிநேகம் பிடித்தாக வேண்டும். கிறிஸ்டியான் ஸிமர்மான் போல ஒரு சிலர் தங்கள் பியானோவையே ஊர் ஊராக ஏற்றிப்போவது உண்டு. அது விதிவிலக்கு.

சரி, இந்தத் தனிக் கச்சேரி வழக்கம் எப்போது வந்தது? ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். இல்லை. அதற்கு 200 வயதுகூட ஆகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கச்சேரி என்றால் கதம்பம்தான்: ஒரு பாட்டு, ஒரு சிம்ஃபொனியின் துண்டு, நடுவில் ஒரு பியானோ உருப்படி, மறுபடியும் பாட்டு. 1839-இல் பியானோ கலைஞர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் ரோமில் தன்னந்தனியாக ஒரு மாலை முழுக்க வாசித்தார். இனி கச்சேரி என்றால் நான்தான் என்று ஒரு கடிதத்தில் கிண்டலாக எழுதியும் வைத்தார். அடுத்த வருடம் லண்டனில் இதற்கு ‘ரிசைட்டல்’ என்று பெயர் போட்டார்கள். ரிசைட் என்றால் ஒப்பிப்பது, பியானோவில் எப்படி ஒப்பிக்க முடியும், இது என்ன வார்த்தை என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இதே காலத்தில் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் நோட்டு இல்லாமல் மனப்பாடமாக வாசிக்கும் பழக்கத்தைப் பரப்பினார். இரண்டும் சேர்ந்துதான் இன்றைய கச்சேரி. ஆர்கெரிச் மறுத்தது இந்தக் கட்டுமானத்தைத்தான்.

இனி ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

[திரையில்: பழைய புவெனோஸ் ஐரெஸ் தெருக்கள். கருப்பு வெள்ளை.]

மார்த்தா பிறந்தது 1941 ஜூன் 5. மூன்று வயதுகூட நிறையாதபோது மழலையர் பள்ளியில் ஒரு பையன் இவளைச் சீண்டிக்கொண்டே இருப்பானாம். உன்னால் அது முடியாது, இது முடியாது. ஒருநாள், உன்னால் பியானோ வாசிக்க முடியாது என்றான். இவள் நேராகப் போய், ஆசிரியை வழக்கமாக வாசிக்கும் ஒரு மெட்டை ஒரு விரலால் பிசகாமல் தட்டிக்காட்டினாள். அந்தப் பையனுக்கு உலக இசை கடன்பட்டிருக்கிறது, அவன் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

ஐந்து வயதில் வின்செஞ்சோ ஸ்காரமூட்சாவிடம் சேர்த்தார்கள். இத்தாலியிலிருந்து வந்து புவெனோஸ் ஐரெஸில் தங்கிவிட்ட ஆசிரியர், கண்டிப்புக்குப் பேர்போனவர். தோளிலிருந்து விரல் நுனி வரை எந்தத் தசை இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்று உடற்கூறு பாடம் போலச் சொல்லிக்கொடுப்பார். இன்றைக்கு ஆர்கெரிச் வாசிக்கும் வீடியோ எதையாவது போட்டு, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கைகள் மட்டும் தெரிந்தால், ஏதோ மெதுவான உருப்படி போகிறது என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு தளர்வு. அது ஸ்காரமூட்சா போட்ட அஸ்திவாரம்.

1949-இல், எட்டு வயதில், முதல் பெரிய மேடை. மொசார்ட்டின் டி மைனர் கான்செர்டோ, பீத்தோவனின் முதல் கான்செர்டோ. கான்செர்டோ என்றால் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. இந்த மொசார்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மேடை பயம் போகவில்லை. ஈரமான மை ஒத்தும் தாளைக் காலணிக்குள் வைத்துக்கொண்டால் காய்ச்சல் வரும், கச்சேரி ரத்தாகும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்து பார்த்திருக்கிறாள்.

அப்புறம் நடந்தது சினிமாக் கதை மாதிரி இருக்கும். நாட்டின் ஜனாதிபதி ஹுவான் பெரோன் அந்தச் சிறுமியைப் பார்க்க விரும்பினார். அம்மாவும் பெண்ணும் போனார்கள். எங்கே போய்ப் படிக்க ஆசை என்று பெரோன் கேட்டார். வியன்னா, பியானோ கலைஞர் ஃப்ரீட்ரிஷ் குல்டாவிடம் என்றாள் பெண். அம்மா ஜனாதிபதியைக் குளிர்விக்க, அரசு ஆதரவு மாணவர் சங்கத்தில் இவள் வாசிப்பாள் என்று சொல்லிக்கொண்டிருக்க, பெண்ணின் முகம் சுருங்கியது. பெரோன் அம்மாவிடம் ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று தலையாட்டிக்கொண்டே, மேசைக்கு அடியில் பெண்ணிடம் மட்டும் விரலால் ‘வேண்டாம்’ என்று சைகை காட்டினார் என்பது ஆர்கெரிச்சே சொல்லும் கதை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வியன்னா தூதரகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். 1955 தொடக்கத்தில் குடும்பம் கப்பலேறியது. அதே செப்டம்பரில் ராணுவம் பெரோனைக் கவிழ்த்தது. சில மாதங்கள் தாமதித்திருந்தால் இந்த வீடியோவே இருந்திருக்காது.

[திரையில்: டேப் ரெக்கார்டர் சுழல்கிறது.]

குல்டாவுக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. ஒரு பக்கம் பீத்தோவன், இன்னொரு பக்கம் ஜாஸ். இவர் பாடம் நடத்திய விதம்தான் என்னைக் கவர்ந்தது. மாணவி வாசிப்பதை டேப்பில் பதிவு செய்வார். பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்பார்கள். குறை சொல்ல வேண்டியது ஆசிரியர் அல்ல, மாணவி. எங்கே தாளம் ஓடுகிறது, எங்கே சொதப்பியது என்று அவளே சொல்ல வேண்டும். 14 வயதுப் பெண்ணைத் தன் காதையே நம்பச் செய்யும் வித்தை அது.

ஒருமுறை, அடுத்த வகுப்புக்கு ராவெலின் ‘காஸ்பார் த லா நுயி’யைத் தயார் செய்து வா என்றார். பியானோவுக்காக எழுதப்பட்டவற்றில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஐந்து நாளில் வாசித்துக் காட்டினாள். அது கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் முடிந்தது என்பது அவர் விளக்கம். இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. ப்ரோகோஃபியெவின் மூன்றாவது கான்செர்டோவைத் தூங்கிக்கொண்டே கற்றுக்கொண்டாராம். அறைத் தோழி பகலில் அதைச் சாதகம் செய்வாள், இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கும் ஆர்கெரிச்சின் காதில் அது இறங்கிக்கொண்டே இருக்கும். பிற்பாடு பியானோவில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் கைவசம். ஒரே பிரச்சினை, தோழி செய்த தவறுகளும் கூடவே வந்துவிட்டன.

1957, வயது 16. ஜெனீவா போட்டி, பொல்ட்சானோவில் புசோனி போட்டி. மூன்று வாரத்துக்குள் இரண்டிலும் முதல் பரிசு. குல்டாவும் அதே ஜெனீவாவில் அதே 16 வயதில்தான் ஜெயித்தார், 1946-இல்.

இங்கே இந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டியில் ஜெயித்தால் கிடைப்பது பதக்கமும் பணமும் மட்டும் என்று நினைக்காதீர்கள். அசல் பரிசு கச்சேரிகள். ஏஜென்ட் வருவார், ஒரு வருடம் இரண்டு வருடம் முன்கூட்டியே தேதிகள் நிரம்பும். இன்றிரவு ஒரு ஊர், நாளை மறுநாள் வேறொன்று. அங்கே என்ன வாசிப்பீர்கள் என்பதும் அப்போதே அச்சாகிவிடும். 2 வருடம் கழித்து வரப்போகும் ஒரு வியாழக்கிழமை மாலை உங்கள் மனசு எப்படி இருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? சொல்லியாக வேண்டும். பலர் இதற்குப் பழகிக்கொள்கிறார்கள். 17 வயது ஆர்கெரிச்சுக்கு மூச்சு முட்டியது.

கச்சேரியை ரத்து செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு ஆசை. இத்தாலியில் ஒரு கச்சேரிக்கு, விரலில் அடிபட்டுவிட்டது, வர முடியாது என்று தந்தி கொடுத்தார். கொடுத்த பிறகு மனசு உறுத்தியது. பொய் சொல்லிவிட்டோமே என்று விரலை உண்மையிலேயே வெட்டிக்கொண்டார். காயம் நினைத்ததைவிட ஆழமாகிவிட்டது, அடுத்தடுத்த கச்சேரிகளும் போயின. சிரிப்பதா, பயப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

1960-இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது. ஷோபன், பிராம்ஸ், ப்ரோகோஃபியெவ், ராவெல், லிஸ்ட். பியானோ மேதை ஹொரோவிட்ஸே பாராட்டினார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஆள் நின்றுவிட்டார். இத்தாலியப் பியானோ கலைஞர் பெனெடெட்டி மிக்கலாஞ்செலியிடம் பாடம் கேட்கப் போனார், ஒன்றரை வருடத்தில் நான்கே நான்கு வகுப்பு. ஹொரோவிட்ஸைப் பார்க்கலாம் என்று நியூயார்க் போனார், பார்க்கவே இல்லை. இரவெல்லாம் தொலைக்காட்சி. நாலைந்து மொழி தெரியுமே, செயலாளர் வேலைக்குப் போகலாமா என்று யோசித்த காலம் அது. பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் அஸ்கெனாசே என்ற போலந்து வம்சாவளி பியானோ கலைஞரும் அவர் மனைவியும்தான் மெல்ல மெல்ல மறுபடி பியானோ முன் உட்கார வைத்தார்கள்.

[திரையில்: வார்சா, 1965. கைதட்டல்.]

1965, வார்சா, ஷோபன் போட்டி. வயது 23. பல வருடம் சரியாக வாசிக்காத கை. முதல் பரிசு. மஸுர்காக்களை நன்றாக வாசித்ததற்குப் போலந்து வானொலி தரும் பரிசும் சேர்ந்தது. மஸுர்கா போலந்துக் கிராமத்து நடனத்திலிருந்து வந்த வடிவம். அதன் தாளக் குலுக்கல் நோட்டில் எழுதிவைக்க முடியாத சமாச்சாரம், வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அதை ஒரு அர்ஜென்டினாப் பெண்ணுக்குப் போலந்துக்காரர்களே கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் முதல் பரிசைவிட இதுதான் பெரிசு.

இதற்குப் பிறகு உலகம் அவர் காலடியில். 1967-இல் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கிளாடியோ அப்பாடோவோடும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடும் பதிவான ப்ரோகோஃபியெவ், ராவெல் கான்செர்டோக்கள் இன்றும் அளவுகோல். அப்பாடோ வேறு யாருமில்லை, குல்டாவின் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்த தோழன். 1982-இல் பெர்லினில் நடத்துநர் ரிக்கார்டோ ஷாயியோடு ராக்மனினோஃபின் மூன்றாவது கான்செர்டோ. ராக்மனினோஃப் அதைப் பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனுக்குச் சமர்ப்பித்தார், ஹாஃப்மன் அதை மேடையில் தொடவே இல்லை. அந்த ரக வேலை. ஆர்கெரிச் வாசிப்பதைக் கேட்டால், எதையோ துரத்திக்கொண்டு ஓடுவது போல இருக்கும். துரத்தப்பட்டது ஆர்கெஸ்ட்ரா என்று சொல்பவர்களும் உண்டு.

[திரையில்: பியானோவின் உட்புறம், மிக அருகில். ஒரு கட்டை, ஒரு சுத்தியல், மெதுவான அசைவில்.]

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? பாதி விரலில், பாதி இங்கே.

கட்டையை அழுத்தினால் சுத்தியல் மேலே எறியப்படுகிறது. எறியப்படுகிறது என்பதுதான் சரியான வார்த்தை. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உந்துகோல் விலகிக்கொள்கிறது, கடைசி மில்லிமீட்டர்களைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கிறது. அடித்துவிட்டுத் திரும்பும். பழைய பியானோக்களில் அதே ஸ்வரத்தை மறுபடி அடிக்க, கட்டை முழுசாக மேலே வந்தாக வேண்டும். 1821-இல் செபாஸ்டியான் எரார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திரும்பி வரும் சுத்தியல் பாதி வழியிலேயே தாங்கிக்கொள்ளப்படும், கட்டை கொஞ்சம் எழுந்தாலே மறுபடி எறியத் தயார். கிராண்ட் பியானோவில் இது உண்டு. வீடுகளில் சுவரோரம் நிற்கும் பியானோவில் வழக்கமாகக் கிடையாது.

இப்போது ஸ்கார்லாட்டியின் ஒரு சொனாட்டா, பட்டியல் எண் கே 141, டி மைனர். பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்காக எழுதியது, ஆனால் கிதார் நரம்பை நகத்தால் அதிரவைப்பது போல ஒரே ஸ்வரம் ஆறு ஆறு தடவையாகத் தட்டப்பட்டுக்கொண்டே போகும். ஒரே விரலால் அந்த வேகம் முடியாது. ஒரே கட்டையின் மேல் விரல்களை மாற்றி மாற்றி உருட்ட வேண்டும், கட்டை பாதிகூட எழாத உயரத்தில். ஆர்கெரிச் கடைசியில் ரசிகர்களுக்காகக் கூடுதலாக வாசிக்கும் உருப்படிகளில் இது ஒன்று. மணிக்கட்டு அசைவதே இல்லை. ஏதோ யோசனையில் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பவர் போல முகம்.

[சிறு இடைவெளி.]

1980. வார்சாவில் இப்போது இவர் நடுவர். இவோ பொகோரெலிச் என்ற யூகோஸ்லாவிய இளைஞரை இறுதிச் சுற்றுக்கு அனுப்ப மற்ற நடுவர்கள் மறுத்தார்கள். அவன் மேதை என்று சொல்லிவிட்டு ஆர்கெரிச் எழுந்து போய்விட்டார். அந்த வருடம் ஜெயித்தவர் வியட்நாமின் டாங் தாய் சான், ஆசியாவிலிருந்து முதல் வெற்றியாளர். அதுவே பெரிய செய்தி. ஆனால் எல்லாரும் பேசியது வெளியேறியவரைப் பற்றி.

ஏறக்குறைய இதே சமயத்தில்தான் தனிக் கச்சேரிகள் குறைந்தன, பிறகு இல்லாமலே போயின. 1983-இல் கிளாராவின் கணவர் ராபர்ட் ஷூமனின் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’, ‘கிரைஸ்லேரியானா’ பதிவு. அதன் பின் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து ஒரு தட்டு செய்யவில்லை. ஷூமன் அவருக்கு உயிர். அதையே விட்டுவிட்டார் என்றால் பாருங்கள்.

வாசிப்பை விட்டுவிட்டாரா? அதுதான் இல்லை. முன்பைவிட அதிகம் வாசித்தார், துணையோடு. செல்லோவுக்கு மிஷா மைஸ்கி, வயலினுக்கு கிடோன் கிரெமர், இரண்டாவது பியானோவுக்கு நெல்சன் ஃப்ரெய்ரே. இந்த பிரேசில்காரரை வியன்னாவில் இளம் வயதில் சந்தித்தார், அன்றிலிருந்து ஆயுள் சிநேகம்.

இரண்டு பியானோ என்பது கேட்பதற்குச் சுகம், வாசிப்பதற்கு நரகம். வயலின் ஸ்வரம் மெல்ல மலரும், சற்று முன்பின் இருந்தால் காது மன்னித்துவிடும். பியானோவில் சுத்தியல் பட்ட அந்தக் கணமே ஒலி பிறந்துவிட்டது. இருவர் சேர்ந்து அடிக்கையில் இமைப்பொழுதில் ஒரு துளி பிசகினாலும் ‘டக்-டக்’ என்று இரட்டையாகக் கேட்கும். நேருக்கு நேர் உட்கார்ந்தாலும் இடையில் பியானோக்களின் நீளம், அடுத்தவர் கை தெரியாது. மூச்சும் தலையசைவும்தான் சமிக்ஞை. ஆர்கெரிச்சும் ஃப்ரெய்ரேயும் ராவெலின் ‘லா வால்ஸ்’ வாசிக்கும்போது தலையசைவுகூடக் குறைவாகவே தெரிகிறது.

இடையில் 1990-இல் தோல் புற்றுநோய். குணமானது என்று நினைத்தபோது 1995-இல் நுரையீரலுக்குப் பரவித் திரும்பி வந்தது. கலிஃபோர்னியாவில் ஜான் வெய்ன் புற்றுநோய் நிறுவனத்தில் அறுவைச் சிகிச்சை, அப்போது சோதனையில் இருந்த ஒரு தடுப்பூசி. பிழைத்தார். நன்றி சொல்ல அவர் தேர்ந்தெடுத்த வழி என்ன தெரியுமா? 2000 மார்ச்சில் கார்னகி ஹாலில், அந்த நிறுவனத்துக்கு நிதி திரட்ட, தனியாக மேடையேறினார். பாக், ஷோபன், ப்ரோகோஃபியெவ். ஏறக்குறைய 20 ஆண்டுக்குப் பிறகு அங்கே தனிக் கச்சேரி. முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதியில் நண்பர்களை அழைத்துக்கொண்டார்.

மூன்று கிராமி விருது வாங்கியிருக்கிறார். ஒன்று முன்னாள் கணவர் ஷார்ல் த்யுத்துவா நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு, ஒன்று மிக்கைல் ப்ளெட்னெவோடு இரண்டு பியானோ, ஒன்று அப்பாடோவோடு. தனியாக வாங்கியது ஒன்றுமில்லை. கென்னடி சென்டர் விருது, ஜப்பானின் பிரேமியம் இம்பீரியலே என்று மற்ற பட்டியலைப் படித்து உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை.

[திரையில்: லுகானோ ஏரி, கோடை மாலை.]

சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 2002 முதல் 2016 வரை அவர் பெயரிலேயே ஒரு விழா நடந்தது. ஜப்பானின் பெப்புவிலும் ஒன்று உண்டு. தன் பெயரை விளம்பரத்தில் போடவிட்டு, கூட்டம் வந்ததும் யாருக்கும் தெரியாத இளைஞர்களை மேடையேற்றினார். அவர்களுக்குப் பக்கத்தில், பல நேரம் இரண்டாம் பியானோவில், இவர்.

ரத்து செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை. அரங்க நிர்வாகிகளுக்கு அது தலைவலிதான், அதை நியாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. ஆறு மாதம் முன்பே டிக்கெட் வாங்கியவர் வாசலில் நின்று பலகையைப் பார்ப்பதும் ஒரு வேதனைதானே. 2021 ரத்து வேறு ரகம். வார்சா நடுவர் குழுவிலிருந்து விலகினார், ஃப்ரெய்ரே உடல்நிலை மோசமானதால் அவரோடு இருக்க. நவம்பர் 1 அன்று ஃப்ரெய்ரே இறந்தார்.

மொசார்ட்டை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. 2013 மார்ச், லூசெர்ன். எட்டு வயதில் வாசித்த அதே டி மைனர் கான்செர்டோ. இப்போது வயது 71, எதிரே கோலோடு நிற்பவர் அப்பாடோ. அடுத்த ஜனவரியில் அப்பாடோ காலமானார். பதிவைக் கேட்டுப் பாருங்கள், மெதுவான இரண்டாம் பகுதியில் இரண்டு பழைய சிநேகிதர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும்.

பீத்தோவனின் நான்காவது கான்செர்டோவை மட்டும் அவர் தொட்டதில்லை. சிறுவயதில் கிளாடியோ அர்ராவ் அதை வாசிக்கக் கேட்டார். இரண்டாம் பகுதியில் ஒரு கமகம் போல நடுங்கும் இடம் வரும், அங்கே உடம்பில் மின்சாரம் பாய்ந்தது போல ஆகிவிட்டது. அதற்கப்புறம் துணிச்சல் வரவில்லை என்கிறார். காஸ்பாரை ஐந்து நாளில் முடித்தவர்.

[திரையில்: கான்செர்டோ முடிந்த மேடை. கைதட்டல் நிற்கவில்லை.]

கான்செர்டோ முடிந்ததும் நான்கு முறை, ஐந்து முறை வெளியே வந்து வணங்குவார், நரைத்த முடி முகத்தில் விழுந்திருக்கும். உட்காருவாரா மாட்டாரா என்று அரங்கம் தவிக்கும். சில நாள் உட்காருவார். ஸ்கார்லாட்டி, அல்லது ஷூமனிலிருந்து சின்னதாக ஒன்று. மூன்று நான்கு நிமிடம், தன்னந்தனியாக. அந்த நேரத்தில் கேமரா கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் கவனியுங்கள். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். வயலினை மடியில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அவர் தோளுக்குப் பின்னால், அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.